எந்தப் படிப்பை எடுப்பது?

குற்றாலத்தில் சாரல் இறங்கும் காலமும், இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு மாணவர்களைப் பொறுக்கி எடுக்கும் காலமும் வருஷந்தோறும் ஒன்றாகவே வருகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் நாலா திசைகளிலிருந்தும் ஜனங்கள் அருவிக்கு வந்து குவிகிறார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் வீடுகளிலோ கவலை வேறு. பிளஸ் டூ தேறிய பையனையோ பெண்ணையோ நடுவில் உட்கார வைத்துக்கொண்டு, எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, எந்தப் பாடத்தை இரண்டாவதாகப் போடுவது என்று ராத்திரி வெகுநேரம் வரையில் தர்க்கம் நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓர் அபிப்பிராயம். பெங்களூரிலிருக்கும் மாமாவுக்கு வேறோர் அபிப்பிராயம். கடைசியில் பையனுடைய அபிப்பிராயத்தைக் கேட்க நேரமில்லாமற் போய்விடுகிறது.

முன்பெல்லாம் கவுன்சிலிங்குக்காகப் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய், அண்ணா சர்வகலாசாலை வாசலில் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. 2018-ஆம் வருஷத்திலிருந்து அந்தக் கஷ்டம் நீங்கிவிட்டது. வீட்டிலிருந்தபடியே இன்டர்நெட்டில் வரிசைப்படுத்திக் கொடுத்துவிடலாம். நுழைவுப் பரீக்ஷையும் 2007 முதல் கிடையாது. கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50, ஆக 200-க்கு எவ்வளவு மார்க் என்று பார்த்து இடம் கொடுக்கிறார்கள். போகிற தூரம் குறைந்தது, பரீக்ஷை குறைந்தது, குழப்பம் மட்டும் குறையவில்லை. ஏனெனில் பாடங்களின் பெயர்கள் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டே போகின்றன.

நம்மிடம் பலர் கேட்கும் கேள்வி இதுதான். பையன் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு மறுபடியும் பூட்டத் தெரிந்தவன்; அதே கையால் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதியும் பார்க்கிறான். யந்திரத்தின் உடலாகிய ஹார்ட்வேரும் வேண்டும், அதை ஆட்டிவைக்கும் கட்டளைகளாகிய சாப்ட்வேரும் வேண்டும் என்கிறான். இரண்டும் சேர்ந்த படிப்பு எது? கம்ப்யூட்டர் சயன்ஸா, எலெக்ட்ரானிக்ஸா? இந்தக் கேள்வியைத் தகப்பனார்கள் மிகுந்த பயத்தோடு கேட்கிறார்கள். பயப்படுவதற்குக் காரணமும் இருக்கிறது. நாலு வருஷத்துச் சம்பளம், ஹாஸ்டல், புஸ்தகம் எல்லாம் சேர்ந்தால் ஒரு சாதாரணக் குடும்பத்தின் நிலத்தையோ நகையையோ தொட்டுவிடும் தொகை அது.

முதலில் விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஹார்ட்வேர் ஒரு தொழில், சாப்ட்வேர் மற்றொரு தொழில் என்று பிரித்துப் பேசுவது சௌகரியத்துக்காக ஏற்பட்ட பேச்சு. குற்றாலத்துப் பேரருவியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அது மலையுச்சியிலிருந்து நேரே நம் தலைமேல் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்னும் ஆழமான குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்து, அதற்குப் பிறகே கீழே வருகிறது. அந்தக் குழி இல்லாவிட்டால் அருவியடியில் மனிதர் நிற்க முடியாது. கம்ப்யூட்டருக்குள்ளும் இம்மாதிரிக் குழிகள் இருக்கின்றன. வேகமான பாகம் கொட்டுவதை மெதுவான பாகம் வாங்கிக்கொள்ளும் வரையில் தேக்கி வைக்கும் நினைவறைகள் அவை. அந்தக் குழியை எவ்வளவு ஆழத்துக்கு வெட்டுவது என்று தீர்மானிக்கிறவன் ஹார்ட்வேர்க்காரன். அதை எப்போது நிரப்புவது, எப்போது வழியவிடுவது என்று தீர்மானிக்கிறவன் சாப்ட்வேர்க்காரன். ஒருவன் வேலையை மற்றவன் அறியாவிட்டால் வெள்ளம் தான்.

சரித்திரமும் இதற்குச் சாக்ஷி சொல்லுகிறது. 1969-ல் பிஸிகாம் என்ற ஜப்பானியக் கம்பெனி, தான் செய்யும் கணக்கு யந்திரங்களுக்காக ஒரு டஜன் அளவில் தனித்தனி சிப்களைச் செய்துதரும்படி அமெரிக்காவிலுள்ள இன்டெல் கம்பெனியைக் கேட்டது. அங்கிருந்த டெட் ஹாப் என்ற இன்ஜினியர், ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சிப் செய்வானேன், பொதுவான சிப் ஒன்றைச் செய்து, வேலையைப் புரோகிராமிடம் விட்டுவிடலாமே என்று யோசனை சொன்னார். பெடெரிகோ பாகின் என்ற இத்தாலியர் அதைச் சிலிக்கனில் செய்து காட்டினார். பிஸிகாமிலிருந்து வந்திருந்த மசதோஷி ஷிமா கூட இருந்து உழைத்தார். 1971-ல் வெளிவந்த 4004 என்னும் மைக்ரோபிராசஸர் இப்படிப் பிறந்தது. உலகத்தையே மாற்றிய அந்த வஸ்து, ஹார்ட்வேரைக் குறைக்கச் சாப்ட்வேரை நாடிய யோசனையில் உதித்தது என்பதை வாலிபர்கள் மனத்தில் வைக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, 2020-ல் ஆப்பிள் கம்பெனி தன் கம்ப்யூட்டர்களுக்கு வேண்டிய சிப்பைத் தானே வகுத்துக்கொண்டதும் இதே காரணத்தால்தான். தன் சாப்ட்வேர் என்ன கேட்கும் என்று அறிந்தவன் செய்யும் சிப், ஊராருக்கெல்லாம் பொதுவாகச் செய்த சிப்பை விட அவனுக்கு நன்றாக உழைக்கிறது.

நிற்க. இனிக் கல்லூரி ஜாபிதாவைப் பார்ப்போம். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் நிபுணர்களின் சங்கங்கள் கூடி 2005-ல் வெளியிட்ட பாடத்திட்ட அறிக்கையில், இந்தத் துறையை ஐந்து கிளைகளாக வகுத்தார்கள். அவற்றுள் ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்றே பெயர். எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங்குக்கும் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கும் நடுவில் நிற்பது அது. நமது பையன் கேட்பது இதைத்தான். ஆனால் நமது கவுன்சிலிங் ஜாபிதாவில் அந்தப் பெயர் அந்த அர்த்தத்தில் எளிதில் அகப்படுவதில்லை. இங்கே பெரும்பாலான கல்லூரிகளில் இருப்பவை கம்ப்யூட்டர் சயன்ஸ், ஐ.டி., எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன், எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் ஆகியவை. இவற்றுடன் சமீபகாலத்தில் ஏ.ஐ. என்றும், டேட்டா சயன்ஸ் என்றும், சைபர் செக்யூரிட்டி என்றும் புதுப் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. 2023-ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் சிப் வகுக்கும் வித்தைக்கென்று, வி.எல்.எஸ்.ஐ. டிசைன் என்ற பெயரில், தனிப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டது. சில கல்லூரிகள் அதையும் ஆரம்பித்திருக்கின்றன.

எலெக்ட்ரானிக்ஸ் எடுத்தவன் சர்க்யூட், சிக்னல், டிஜிட்டல் தர்க்கம், மைக்ரோபிராசஸர், சிப் வகுத்தல், யந்திரங்களுக்குள் பொதிந்திருக்கும் எம்பெடெட் கம்ப்யூட்டர்கள் இவற்றைப் படிக்கிறான். புரோகிராமும் கொஞ்சம் படிக்கிறான். கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்தவன் கணக்குகளைத் தீர்க்கும் முறைகள், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் இவற்றை ஆழமாகப் படிக்கிறான். யந்திரத்தின் அமைப்பைப் பற்றி ஒன்றிரண்டு பாடங்களோடு நின்றுவிடுகிறான். எலெக்ட்ரிகல் எடுத்தவன் மோட்டாரும் மின்சார விநியோகமும் கட்டுப்பாடும் கற்கிறான். இப்படிப் பார்த்தால் நடுவில் நிற்க விரும்புகிறவனுக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன. எந்த வாசல் வழியாகப் போனாலும் மற்ற அறைக்குள் நடந்து போகலாம். எந்த வாசலிலிருந்து எந்த அறைக்குப் போவது சுலபம் என்பதே கேள்வி.

நமது அபிப்பிராயத்தைத் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். இரண்டையும் விரும்பும் தென்காசிப் பையன், எலெக்ட்ரானிக்ஸை முதலில் போட வேண்டும். வீட்டில் கிடைக்காததைக் கல்லூரியில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே நமது காரணம். புரோகிராம் எழுதக் கற்பதற்கு ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் விடாமுயற்சியும் இருந்தால் போதும். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்த என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கடையநல்லூரில் உட்கார்ந்துகொண்டே காசில்லாமல் கேட்கலாம். சர்க்யூட்டில் வந்துபோகும் சிக்னலைக் கண்ணால் காட்டும் ஆஸிலாஸ்கோப்பையும், பிழை எங்கே என்று விரலை வைத்துக் காட்டும் ஆசிரியரையும், தவறு செய்தால் புகைந்துபோகும் சாமான்களையும் வீட்டில் வைத்துக்கொள்ள யாரால் முடியும்? நாலு வருஷச் சம்பளத்தைக் கட்டும்போது இவற்றுக்காகக் கட்டுவதே லாபம். ஆர்டுயினோ, ராஸ்பெரி பை போன்ற சிறிய போர்டுகள் வந்து, யந்திர வித்தையிலும் வீட்டிலேயே கைவைத்துப் பார்க்கும்படி செய்திருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறோம். அவை அரிச்சுவடி. அதற்கு மேல் படிக்க லாபரேட்டரி வேண்டும்.

சாப்ட்வேர்த் தொழிலுக்குக் கல்லூரிப் பட்டமே வேண்டியதில்லை என்பதற்கு அத்தாட்சி தேடி நாம் தூரம் போக வேண்டாம். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் சோஹோ கம்பெனியின் காரியாலயம் இருக்கிறது. அந்தக் கம்பெனி 2005-ல் சென்னையில் ஆறே பேருடன் ஒரு பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தது. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்த்து, சம்பளம் வாங்காமல், கையில் உதவித்தொகையும் கொடுத்து, இரண்டு வருஷம் புரோகிராமும் கணிதமும் இங்கிலீஷும் கற்பித்து வேலைக்கு எடுத்துக்கொள்வது அதன் முறை. பின்னர் தென்காசிப் பக்கத்திலும் அந்தப் பள்ளியை வைத்தார்கள். பட்டம் இல்லாமல் அதன் வழியாக வந்த பிள்ளைகள் இன்று உலகமெங்கும் விலைபோகும் சாப்ட்வேரை எழுதுகிறார்கள். இது நமது ஜில்லாவுக்குப் பெருமை.

ஆனால் இதிலிருந்து சிலர் தப்பான பாடத்தைக் கற்கிறார்கள். சோஹோ இருக்கிறது, ஆகையால் எல்லாரும் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அந்தக் கம்பெனியை உண்டாக்கியவர்களில் முதன்மையானவரான ஸ்ரீதர் வேம்பு என்ன படித்தார்? 1989-ல் மதராஸ் ஐ.ஐ.டி.யில் அவர் வாங்கியது எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் பட்டம். 1994-ல் பிரின்ஸ்டனில் வாங்கிய டாக்டர் பட்டமும் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங்கில்தான். முதலில் வேலை பார்த்தது கம்பியில்லாச் செய்திப் போக்குவரத்துக்கான சிப்களைச் செய்யும் குவால்காமில். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் கம்பெனி ஆரம்பித்தபோது அவர்கள் விற்றது, நெட்வொர்க் சாதனங்களைக் கண்காணித்து நிர்வகிக்கும் சாப்ட்வேர். அதாவது யந்திரம் செய்கிறவர்களுக்கு வேண்டிய சாப்ட்வேர். யந்திரத்தை அறிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. கணக்கு எழுதுவதற்கும் கடிதம் அனுப்புவதற்குமான சாப்ட்வேரெல்லாம் பிற்பாடு வந்தவை. சோஹோ என்ற பெயரே கம்பெனிக்கு 2009-ல்தான் வந்தது. 2019-ல் மத்தளம்பாறைக்குக் குடிவந்தவரைப் பார்த்துவிட்டு, 1989-ல் அவர் எதைப் படித்தார் என்று பார்க்காமலிருப்பது சரியல்ல.

இதற்கு எதிராக வரும் ஆட்சேபம் பலமானது. யந்திர வித்தை கற்றவனுக்கு இந்தத் தேசத்தில் வேலை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் ஆரம்பித்த நோக்கியா தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சோஹோவே சிப் தயாரிப்பில் இறங்க யோசித்து, தக்க தொழில்நுட்பத் துணை கிடைக்கவில்லை என்று 2025-ல் அந்த யோசனையை நிறுத்திவைத்தது. இவ்வளவு பெரிய கம்பெனி தயங்கும் இடத்தில் பாவூர்ச்சத்திரத்துக் குடியானவர் தம் மகனை எப்படி இறக்குவார்? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைக் கோழைகள் என்று நாம் சொல்ல மாட்டோம். கடன் வாங்கியவனுக்கே கடனின் பாரம் தெரியும்.

ஆயினும் நோக்கியா விஷயத்தைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். அங்கே நம்மவர்கள் செய்தது பெரும்பாலும் சாமான்களைச் சேர்த்துப் பூட்டும் வேலை. எதைச் செய்வது, எப்படி வகுப்பது என்ற தீர்மானமெல்லாம் வேறு தேசத்தில் நடந்தது. பூட்டும் வேலை எங்கே மலிவோ அங்கே போய்விடும். வகுக்கும் வேலை அப்படி ஓடிவிடுவதில்லை. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி 1985-ல் பெங்களூரில் வைத்த காரியாலயத்தைத் தொடர்ந்து, சிப் வகுக்கும் வேலை அந்நகரத்தில் நாற்பது வருஷமாக வளர்ந்துகொண்டே வருகிறது. அந்த வேலைக்கு எலெக்ட்ரானிக்ஸும் தெரிய வேண்டும், புரோகிராமும் தெரிய வேண்டும். ஏனெனில் இக்காலத்தில் சிப்பைப் பென்சிலால் வரைவதில்லை, புரோகிராம் மாதிரி எழுதுகிறார்கள். மேலும், எலெக்ட்ரானிக்ஸ் படித்தவனைப் பெரிய சாப்ட்வேர்க் கம்பெனிகள் தள்ளிவிடுவதில்லை. கல்லூரிகளுக்கு வந்து எல்லாக் கிளைகளிலிருந்தும் ஆள் எடுக்கிறார்கள். சாப்ட்வேர் மட்டும் படித்தவன் சிப் வகுக்கப் போவது அதைவிடக் கடினம். ஆகவே யந்திர வித்தைக்கு வேலை குறைந்தாலும், எலெக்ட்ரானிக்ஸ் பையனுக்கு இரண்டாவது வாசல் ஒன்று திறந்தே இருக்கிறது. புரோகிராம் எழுதவும் தெரிந்திருந்தால் என்ற நிபந்தனையை மறந்துவிடக்கூடாது. அதைக் கற்காத எலெக்ட்ரானிக்ஸ்காரனுக்கு நாம் எந்த உறுதியும் சொல்லவில்லை.

நமது பக்கத்தில் இந்தச் சேர்க்கை வித்தைக்கு வேலையே இல்லை என்பதும் உண்மையல்ல. செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் காற்றை நம்பிச் சுரண்டை, பாவூர்ச்சத்திரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, என்ன வேகம் என்று அளந்து, அதற்குத் தக்கபடி தலையைத் திருப்பிக்கொண்டு, இறக்கையின் சாய்வை மாற்றிக்கொள்ளும் ஒரு கம்ப்யூட்டர் அந்த யந்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அது கெட்டால் பழுதுபார்க்கிறவன் மின்சாரமும் அறிந்திருக்க வேண்டும். புரோகிராமும் அறிந்திருக்க வேண்டும்.

மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தைப் பாருங்கள். தென்காசிக்குச் சென்னையை விட அதுவே மிகவும் கிட்ட இருக்கிறது. அங்கேயுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையம், ராக்கெட்டுகளை வழிநடத்துவதற்காக விக்ரம் 3201 என்ற 32 பிட் பிராசஸரை வகுத்து, சண்டிகாருக்கு அருகிலுள்ள சர்க்கார் செமிகண்டக்டர் லாபரேட்டரியில் தயாரித்து 2025-ல் வெளியிட்டது. சிப்போடு அவர்கள் நிற்கவில்லை. அதற்காக எழுதப்படும் புரோகிராமை யந்திர பாஷையில் மாற்றும் கம்பைலரையும், சோதித்துப் பார்க்கும் சாதனங்களையும் தாங்களே செய்துகொண்டார்கள். மதராஸ் ஐ.ஐ.டி.யில் சக்தி என்ற பெயரில் வகுத்த பிராசஸர்களும், 2018 முதல் ஒவ்வொன்றாகச் சிலிக்கனில் வந்துகொண்டிருக்கின்றன.

இந்த இடத்தில் பழைய ஞாபகம் ஒன்று வருகிறது. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். பங்குப் பணம் நம்முடையது, நிர்வாகம் நம்முடையது, தைரியம் நம்முடையது. காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை மட்டும் வெளிநாட்டில் விலைகொடுத்து வாங்கிவர வேண்டியிருந்தது. கப்பல் கட்டும் தொழில் நம் கையில் இல்லாததால் அவருக்கு எவ்வளவு பணமும் காலமும் வீணாயின என்பது தெரிந்த விஷயம். இன்று சாப்ட்வேர்க் கம்பெனிகள் நம்மிடம் எத்தனையோ இருக்கின்றன. அவை ஓடும் சிப்களோ தைவானிலிருந்தும் பிற தேசங்களிலிருந்தும் வருகின்றன. 2021-ல் உலகத்தில் சிப் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கார்த் தொழிற்சாலைகள் எஃகும் ரப்பரும் ஆட்களும் தயாராக இருந்தும் உற்பத்தியைக் குறைத்தன. மத்திய சர்க்கார் 2021 டிஸம்பரில் 76,000 கோடி ரூபாய்க்குச் செமிகண்டக்டர் திட்டம் வகுத்தது, 2024 மார்ச்சில் குஜராத்தில் தோலேராவில் டாட்டா தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியது எல்லாம் இந்த அனுபவத்துக்குப் பிறகு வந்தவை. தொழிற்சாலைக்குப் பணம் கொடுத்துவிட்டால் போதாது. உள்ளே போய் வேலை செய்யும் ஆள் யார்? கம்ப்யூட்டர் சயன்ஸ் என்ற ஒரே வாசலில் நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் நெரிந்துகொண்டு நின்றால், அந்த ஆளை எங்கிருந்து கொண்டுவருவது?

அந்த நெரிசலுக்குக் கல்லூரிகளும் பொறுப்பாளிகள். ஒரு கல்லூரியில் இவ்வளவு இடங்களுக்கு மேல் கூடாது என்றிருந்த வரம்பை, நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு 2024-ல் கல்விக் கவுன்சில் எடுத்துவிட்டது. எதற்குக் கூட்டம் அதிகமோ அதில் இடத்தைக் கூட்டுவதும், சிவிலையும் மெக்கானிகலையும் சுருக்குவதும் நடக்கின்றன. ஆசிரியர் அவரே, கட்டடம் அதுவே, போர்டில் மட்டும் ஏ.ஐ. என்று எழுதியிருப்பதையும் சில இடங்களில் காண்கிறோம். பெயருக்குப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கும் வரையில் பெயர் விற்கிறவர்களும் இருப்பார்கள்.

ஆகையால் கல்லூரியைப் பார்க்கப் போகும் தகப்பனார்கள் முன் ஹாலில் தொங்கும் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். லாபரேட்டரி எந்த நேரம் வரையில் திறந்திருக்கும் என்று கேளுங்கள். பாட நேரத்துக்கு வெளியே பையன் உள்ளே போகலாமா என்று கேளுங்கள். கடைசி வருஷத்துப் பிள்ளைகள் செய்த பிராஜெக்ட் எங்கே, எடுத்துக் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிய பிராஜெக்டா, தானே செய்ததா என்பது அதைச் செய்த பையனை ஐந்து நிமிஷம் பேசவிட்டால் தெரிந்துவிடும். 1970-களில் வந்த 8085 பிராசஸரை இன்னும் வைத்துக் கற்பிக்கிறார்களே என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். நாம் அதில் சேரமாட்டோம். பழைய பிராசஸரில் ஒவ்வொரு கட்டளையும் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். அதோடு நின்றுவிட்டால்தான் குற்றம். அதைத் தாண்டி இன்றைய போர்டுகளில் பிள்ளைகள் கைவைக்கிறார்களா என்று விசாரியுங்கள். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் எலெக்ட்ரானிக்ஸ் பகுதியில் சரியான பதில் இல்லாமலும், அதே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் ஆசிரியர்கள் சமர்த்தர்களாகவும் இருந்தால், நாம் மேலே சொன்னதைத் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டர் சயன்ஸையே எடுக்கலாம். பூட்டிக் கிடக்கும் லாபரேட்டரிக்காக எலெக்ட்ரானிக்ஸ் எடுப்பதில் பிரயோஜனமில்லை.

பண விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரையில் சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் வந்த சட்டத்தின்படி இன்ஜினியரிங்கில் 7.5 சதவிகிதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் பெற்றவர்களின் படிப்புச் செலவையும் ஹாஸ்டல் செலவையும் சர்க்கார் ஏற்றுக்கொள்கிறது. இந்த உரிமையைத் தெரியாமல் தனியார் கல்லூரி ஏஜென்டிடம் முன்பணம் கொடுத்துவிட்டு நிற்பவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. மார்க் குறைந்தவர்களுக்குப் பாலிடெக்னிக் இருக்கிறது. மூன்று வருஷ டிப்ளமோ முடித்து, இன்ஜினியரிங்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். அப்படி வந்தவர்களுக்குச் சால்டரிங் பிடித்த கை இருக்கும், அது சாமானியமல்ல.

மதராஸ் ஐ.ஐ.டி. 2023-ல் எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் என்ற பட்டப்படிப்பை ஆரம்பித்திருப்பதையும் சொல்ல வேண்டும். ஜே.இ.இ. பரீக்ஷை எழுத வேண்டியதில்லை. அவர்கள் வைக்கும் தகுதிப் பரீக்ஷையில் தேறினால் போதும். வீட்டிலிருந்தே பாடம் கேட்டு, லாபரேட்டரி வேலைக்கு மட்டும் சென்னைக்குப் போய்வர வேண்டும். ஹார்ட்வேரும் புரோகிராமும் ஒரே பாடத்திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. ஒரே சமயத்தில் இரண்டு பட்டங்களுக்குப் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2022-ல் அனுமதித்துவிட்டபடியால், குற்றாலத்துப் பராசக்தி கல்லூரியில் வேறு பாடம் படிக்கும் ஒரு பெண்ணும், மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் வீட்டாரோடு சண்டை போடாமல் இதையும் படித்துப் பார்க்கலாம். அந்த வீட்டார் தயங்குவது சரியென்று நாம் சொல்லவில்லை.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. தென்காசி 2019 நவம்பரில் தனி ஜில்லா ஆயிற்று. கலெக்டர் வந்தார், காரியாலயங்கள் வந்தன. சர்க்கார் இன்ஜினியரிங் கல்லூரியில் படிக்க வேண்டுமென்றால் நமது பிள்ளைகள் இன்னமும், 1981-ல் ஏற்பட்ட திருநெல்வேலிக் கல்லூரியை நோக்கித்தான் போகிறார்கள். உடனே இங்கே ஒரு கல்லூரி வேண்டும் என்று நாம் கூச்சலிடப் போவதில்லை; கட்டடம் கட்டி ஆசிரியர் இல்லாத கல்லூரிகளைப் பார்த்து நமக்கு அலுத்துவிட்டது. அதற்குப் பதிலாக, ஜில்லாத் தலைநகரில் எலெக்ட்ரானிக்ஸ் லாபரேட்டரி ஒன்றை வைத்து, சாயங்காலம் 5 மணி முதல் 9 மணி வரையிலும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திறந்துவைக்கட்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் எந்தப் பள்ளிப் பிள்ளையும் சம்பளமில்லாமல் உள்ளே போகலாம் என்று இருக்கட்டும். ஆஸிலாஸ்கோப் பத்து, சால்டரிங் மேஜை இருபது, பழைய கம்ப்யூட்டர்கள் சில, பொறுமையுள்ள ஆசிரியர் இரண்டு பேர் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். அங்கே ஒரு வருஷம் கைவைத்துப் பார்த்த பையன், தனக்கு யந்திரம் பிடிக்குமா, புரோகிராம் பிடிக்குமா, இரண்டும் பிடிக்குமா என்று கவுன்சிலிங்குக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வான். பெங்களூர் மாமாவைக் கேட்க வேண்டியிராது. வருகிற பட்ஜெட்டில் இதற்குப் பணம் ஒதுக்கும்படி தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் சட்டசபை அங்கத்தினர்கள் ஐவரும் சேர்ந்து கேட்பார்களா?